நாற்பத்து மூன்று மூடை

கச்சிமுகம்மது காக்கா முத்தலிபு ஹாஜியாருக்குக் கொடுக்க வேண்டியிருந்த காசு ஆறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். அதைக் கொடுத்து முடித்து இரண்டு வருசம் என்று காக்கா சொன்னார். ஒரு சதம் கைக்கு வரவில்லை என்று ஹாஜியார் சொன்னார். வாங்கும்போதும் எழுத்து இல்லை, கொடுக்கும்போதும் எழுத்து இல்லை. எண்பத்து நாலாம் ஆண்டு தை மாசக் கடைசியில், கல்முனைச் சந்தைக்குள் நாலு பேர் மீன் வாங்கிக்கொண்டு நிற்க, ஹாஜியார் கேட்டுவிட்டார்.

“கச்சி, என்ட காசி எப்ப வாறது?”

காக்காவின் கையில் கொய் மீன் கோர்வை தொங்கிக்கொண்டிருந்தது. “எந்தக் காசி ஹாஜியார்?”

“மகளப் படிப்பிச்ச காசி.”

“அது நெல்லாத் தந்து முடிச்சனே. எண்பத்திரெண்டு பங்குனியில.”

ஹாஜியார் சந்தையைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். “வயசு போயிட்டுடாப்பா உனக்கு. மறந்திட்டாய்.”

ஊர் ஹாஜியாரைத்தான் நம்பியது. அவருக்கு அரிசி ஆலை. வட்டி எடுக்க மாட்டார், கடதாசி கேட்க மாட்டார். நற்பிட்டிமுனையிலிருந்து சவளக்கடை வரைக்கும் இருநூறு குடும்பத்துக் கொடுக்கல் வாங்கல் அவர் தலைக்குள் இருந்தது. யார், எந்த மழையில், எவ்வளவு வாங்கினான் என்று குடை நிறத்தோடு சொல்வார். காக்காவோ அறுபத்தெட்டு வயதுக்காரர். கடந்த மாரியில் மண்வெட்டியை வரம்பிலே விட்டுவிட்டு வந்தவர். மண்வெட்டியை விட்டுவிட்டு வராத விவசாயி ஒருவனும் இல்லை. ஆனால் சந்தைக்குள் அந்தப் பேச்சு வந்த பிறகு அதுவும் கணக்கில் சேர்ந்தது.

நான் சீனித்தம்பி, அவருடைய முல்லைக்காரன். அவருடைய நாலு ஏக்கர் வயலில் உழவு முதல் சூடடிப்பு வரை நிற்கிறவன். எண்பத்திரண்டு பங்குனியில் நாற்பத்து மூன்று மூடையை இந்தத் தோளால் ஏற்றி, ஹாஜியாரின் ஆலையில் இந்தத் தோளால்தான் இறக்கினேன். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, உழவு மெசின் பெட்டியில் கொண்டுபோன செல்லத்தம்பியும் கேட்கவில்லை. ஏற்றச் சொன்னால் ஏற்றுவோம், கூலி தந்தால் வாங்குவோம். அதைப் போய்ச் சொன்னபோது ஹாஜியார், “உன்ட முல்லைக்காரன் உனக்குச் சாட்சியா, கச்சி?” என்றார். அதோடு என் பேச்சு முடிந்தது.

வழக்கு பள்ளிவாசலுக்குப் போனது. தலைமை மரைக்கார் மீராசாஹிபு தீர்ப்புச் சொன்னார். மாசி மாசத்து இரண்டாம் வெள்ளி, ஜும்மா முடிந்ததும், காக்கா பள்ளிக்குள் நின்று சத்தியம் பண்ண வேண்டும். பண்ணினால் ஹாஜியார் கடனை விட்டுவிடுவார். பண்ணாவிட்டால் சவளக்கடை வட்டை வயலில் இரண்டு ஏக்கர் ஹாஜியாருக்கு. எங்கள் பக்கத்தில் காணியை இழந்தவன் எழும்பியிருக்கிறான். பள்ளிக்குள் பொய்ச் சத்தியம் பண்ணியவனின் வீட்டு வாசலில் சனம் பிறகு கால் வைக்காது.

மரைக்கார் இன்னொன்றும் சொன்னார். “நெனவு தப்பின மனிசன சத்தியத்துக்கு நிப்பாட்ட ஏலா. கச்சிமுகம்மதுட மகள் டாக்குத்தர், அதுவும் மறதியப் படிக்கிற டாக்குத்தர். வாப்பாக்கு நெனவு சரியா இல்லையா எண்டு அந்தப் புள்ளையே எழுதித் தரட்டும். மகள் வாப்பாக்காகப் பொய் எழுதினா அது அவட கழுத்தில.”

சுல்பிகா மார்கழியிலேயே கண்டி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். வாப்பாவுக்காக வரவில்லை, வேலையாக வந்திருந்தாள். பேராதனையில் படித்து முடித்த இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. கூடப் படித்தவர்கள் லண்டன் சோதனைக்குப் படித்துக்கொண்டிருக்க, இவள் ஒரு பேராசிரியரிடம் சிறிய சம்பளத்துக்கு வயதாளிகளின் மறதியை ஆராயச் சேர்ந்திருந்தாள். ஆறு மாசம், அறுபது பேர். அதற்குள் சரியாகச் செய்து காட்டாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. அறுபதில் பாதி மறதிக்காரர், பாதி நல்ல நினைவுக்காரர். இரண்டையும் ஒப்பிட வேண்டுமாம். பெண்பிள்ளை தனியே ஊர் ஊராகத் திரியக் கூடாது என்று, கடதாசிப் பையைத் தூக்க என்னை அனுப்பினார் காக்கா.

கதவைத் திறக்கிறவர்கள் முதலில் காய்ச்சல் குளிசைதான் கேட்டார்கள். “ஊசி போட மாட்டியா? அப்ப என்ன டாக்குத்தர் நீ?” என்று சொறிக்கல்முனையில் ஒரு கிழவி கேட்டாள். சுல்பிகா சிரித்துக்கொண்டு பாயில் உட்காருவாள். எல்லாரிடமும் முதலில் ஒரே வார்த்தை: “நீங்க செல்றது எனக்குள்ள இரிக்கும். அமானிதம்.” பிறகு மூன்று சாமான் பெயர் சொல்வாள். பாய், கத்தி, தேங்காய். வேறு கதை கதைத்துவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிக் கேட்பாள்.

“தேங்காய எங்க வெச்ச நீ? இஞ்ச காணல்லையே,” என்றார் மருதமுனையில் ஒரு மனிதர். அவருக்கு நினைவு நன்றாகத்தான் இருந்தது. பகிடி விட்டார்.

ஒருநாள் கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் முழங்காலுக்கு ஓடியது. சைக்கிளைத் தோளில் வைத்துக் கடந்து, இக்கரையில் நனைந்த உடுப்புக் காயும் வரை உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன்.

“மகள், ஊர்ப்புள்ளையள் புள்ளப்பேறு பாக்கிற டாக்குத்தர் வேணுமெண்டு அழுகுது. நீ ஏன் இந்தக் கிழவன்மாரோட?”

“ஆசுபத்திரி வாட்டில ஒரு ஆள் இருந்தாரு சாச்சா. மருதமுனை நெசவுக்காரர். மகன் கொண்டந்து விட்டிட்டுப் போனது. இவருக்கு மகன்ட பேரே தெரியா. ராவு பகலா கையக் கைய ஆட்டுவாரு. விசர் எண்டு கட்டிலோட கட்டினாங்க. அவர்ட பாஷை தெரிஞ்சது வாட்டில நான் ஒராள். எனக்கு விளங்கிச்சு, அவர் நாடா எறியிறாரு. தறியில இரிக்கிறதா நெனச்சிட்டு இரிக்காரு. பெரிய டாக்டரிட்டச் சென்னன். வயசு போனா இப்பிடித்தான் எண்டாரு.”

“பிறகு?”

“ஊருக்கு வந்து போகக்குள்ள ஒரு நூல் கழி கொண்டு போனன். கையில குடுத்தன். நூல் ஒரு இடத்தில அறுந்து கிடந்தது. மனிசன் முடிஞ்சாரு சாச்சா, கண்ணால பாக்காம விரலால முடிஞ்சாரு. முடிஞ்சிட்டு, ‘மசூர், அடுத்த கழி கொண்டா’ எண்டாரு. மசூர் மகன்ட பேரு.” அவள் பாவாடை ஓரத்தைப் பிழிந்தாள். “பேரு உள்ளுக்க இரிந்திரிக்கி. வழிதான் அடைபட்டது. வயசு போனா இப்பிடித்தான் எண்டு விட்டிட ஏலுமா?”

நான் சைக்கிளை நிமிர்த்தினேன். பிறகு கேட்டேன். “வாப்பாட பேர ஏன் இன்னும் எழுதல்ல?”

“பயமா இரிக்கி.”

வாப்பாவைச் சோதிக்க முன் அவள் என்னைத்தான் சோதித்தாள். கேள்விக் கடதாசி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதில் ஒரு வசனம் வாசிக்க வேண்டும், ஒரு வசனம் எழுத வேண்டும், ஐந்து மூலைப் படம் ஒன்றைப் பார்த்துக் கீற வேண்டும். நான் நாற்பத்தாறாம் வயதில் பள்ளிவாசல் இரவு வகுப்பில் ‘அ’னா பிடித்தவன். வாசித்தேன், வியர்த்தேன். படம் மாட்டுத் தலைபோல் வந்தது. அவள் புள்ளிகளைக் கூட்டினாள். சிரித்தாள்.

“இந்தக் கணக்குப்படி நீங்களும் வருத்தக்காரன் சாச்சா.”

சொன்ன வாயோடு சிரிப்பு நின்றது. அந்தக் கடதாசியை நெடுநேரம் பார்த்தாள். “பள்ளிக்கூடம் போகாத எல்லாரையும் இது வருத்தக்காரனாக்குது,” என்றாள். அதுவரை சோதித்த பதினொரு பேரையும் தள்ளிவிட்டு, வேறு கடதாசி எழுதத் தொடங்கினாள். எழுத்துக்குப் பதிலாக நாற்றுக் கட்டுகளைப் பங்கு பிரிப்பது, படத்துக்குப் பதிலாக விரலால் முடிச்சுப் போடுவது, திகதிக்குப் பதிலாகப் பிறை எத்தனை. பதினொரு பேர் என்றால் மூன்று கிழமை வேலை. பேராசிரியருக்கு என்ன எழுதினாளோ தெரியாது.

புதிய கடதாசியில் வாப்பாவைச் சோதித்தது, சத்தியத்துக்கு ஒன்பது நாள் முன்பு. வட்டையில் காவல் வாடிக்குள். மரவள்ளிக் கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும் தின்றுவிட்டுக் காக்கா கை கழுவி வந்தார். பாய், கத்தி, தேங்காய் மூன்றும் வந்தன. பிறை சரி. பங்கு சரி. முடிச்சு என்னைவிட வேகம். எல்லாம் முடிந்த பிறகு மனிதர் மகளின் முகத்தைப் பார்த்தார்.

“உண்மையச் செல்லு மகள். நான் மறந்திட்டனா?”

“இல்ல வாப்பா.”

“ராவில கிடந்து யோசிக்கிறன். ஏத்தினத்தக் காணுறன், இறக்கினத்தக் காணுறன். பிறகு ஊரெல்லாம் செல்றாங்க, நான் கண்டது கனவோ எண்டு வருது.”

“கனவில்ல வாப்பா. உங்கட நெனவு சரி.”

அவள் மரைக்காருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை அன்றே எழுதிவிட்டாள். அந்தப் பக்கம் பயம் தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

நல்ல நினைவுக்காரர் பட்டியலில், வழக்கு வர முன்பே, அவள் எழுதியிருந்த முதல் பெயர் முத்தலிபு ஹாஜியார். கல்முனையில் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். “வேணாம் புள்ள, வழக்கு முடியட்டும்,” என்றேன். “எழுதின பேர வழக்குக்காக வெட்டினா அதுவும் ஒரு பொய்தான்,” என்றாள்.

ஹாஜியார் ஆலையை ஒட்டிய வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டு கோபிக்கவில்லை. பிளேன்டீயும் பனங்கட்டியும் வந்தது. அவருடைய மனைவி சபியா உம்மா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றது கால் விரல்களில் தெரிந்தது.

“இண்டைக்குப் பிறை எத்தின மாமா?” என்று கேட்டாள் சுல்பிகா.

“பிறை பாக்கிறது மோதினார்ட வேலை. நான் நெல்லுப் பாக்கிறவன்.” சிரித்தார். நானும் சிரித்தேன்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“பொண்டாட்டி தந்தத்த.” மறுபடியும் சிரிப்பு. ஆனால் இந்த முறை தலை சீலைப் பக்கம் திரும்பியது. உள்ளிருந்து மெல்ல வந்தது: “பிட்டும் மீனாணமும்.” “பிட்டும் மீனாணமும்,” என்றார் ஹாஜியார்.

அதன் பிறகு நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பகிடி. பகிடி முடிய அந்தத் தலை சீலையைத் தேடித் திரும்பும். பாய், கத்தி, தேங்காய் என்று சொல்லி, பிறகு திருப்பிக் கேட்டபோது, “என்னத்த, எப்ப சென்ன?” என்றார். அவர் கண்ணில் ஒரு பயம் ஓடிப்போனதைக் கண்டேன். சந்தைக்குள் பிள்ளை வாப்பாவின் கையை விட்டுவிட்டால் வருமே, அந்தப் பயம்.

போக எழும்பியபோது சபியா உம்மா சுல்பிகாவைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்றேன். கதைத்தது கேட்டது.

“எப்பயிலிருந்து மாமி?”

“ஒண்டரை வருசம். ராவில எழும்பி, ஆலையப் பூட்டினயா எண்டு பத்துத் தரம் கேப்பாரு. மகள், ஊர்க்காசி முழுக்க அவர்ட தலைக்குள்ள. அவருக்கு மறதியெண்டு ஒராள் அறிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் ஒரு சதம் தரமாட்டான். எனக்கு மூணு குமரு.”

“என்ட வாப்பாட காசி?”

“அது எனக்குத் தெரியா, அல்லாஹ்மேல ஆணை தெரியா. இவரு வரல்ல எண்டாரு. இவரு செல்றத்த இல்லெண்டு நான் எப்பிடிச் செல்ற? நீ உள்ளுக்க வரக்குள்ள அமானிதம் எண்டாய். அத நெனச்சிக்க.”

திரும்பி வரும் வழியில் நான்தான் பொறுமை இழந்தேன். “மரைக்காரிட்ட ஒரு வார்த்த செல்லு. காணி தப்பும், வாப்பாட மானமும் தப்பும்.”

“ஏலா சாச்சா.”

“உன்ட வாப்பா புள்ள!”

“எனக்குத் தெரியும் ஆர்ட வாப்பா எண்டு.” அவள் என்னோடு குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. “நான் இந்த ஊரில முப்பது வீட்டுக்க போய் அமானிதம் எண்டு சென்னவள். ஒண்ட வித்தா முப்பதையும் வித்த மாதிரி. நாளைக்கு ஆரு எனக்குக் கதவு திறப்பான்? வாப்பா சத்தியம் பண்ணட்டும். உண்மையத்தானே செல்லப்போறாரு. அதோட முடியும்.”

ஆனால் அதோடு முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி நிறைந்து வாசலிலும் சனம். ஜும்மாவுக்கு முன், வுளூ எடுத்துக் கைகால் கழுவுகிற ஹவுழ்த் தொட்டியின் கட்டில் காக்கா இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில். எதிரே ஹாஜியார் வந்து உட்கார்ந்தார். கை கழுவினார், முகம் கழுவினார், வலது காலைக் கழுவினார். மறுபடியும் வலது காலைக் கழுவினார். மூன்றாம் தரம் முடிந்து, எழும்பப் பார்த்து, மறுபடியும் கையிலிருந்து தொடங்கினார். இடது கால் நனையவே இல்லை. பாங்கு சொல்லி முடிந்தும் அவர் அந்த வலது காலோடுதான் நின்றார். யாரும் கவனிக்கவில்லை. காக்கா கவனித்தார். எழும்பிப் போய், ஒரு வார்த்தை பேசாமல், குனிந்து, ஹாஜியாரின் இடது காலில் இரண்டு கை தண்ணீர் ஊற்றினார். ஹாஜியார், வழக்காடுகிற மனிதன் இவன் என்பதையே மறந்ததுபோல், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

தொழுகை முடிந்தது. மரைக்கார் சுல்பிகாவின் கடிதத்தை வாசித்தார். கச்சிமுகம்மதுவின் நினைவு பழுதில்லாதது, அவர் சத்தியத்துக்குத் தகுதியானவர் என்று எழுதியிருந்தது. சனம் காக்காவைப் பார்த்தது.

காக்கா எழும்பினார். “நான் சத்தியம் பண்ணல்ல.”

“ஏன்?”

“ஹாஜியார் செல்றதே இரிக்கட்டும். காணிய எனக்கு விட்டிடுங்க. பங்குனி வெட்டில நெல்லாத் தாறன்.”

மரைக்கார் ஹாஜியாரைப் பார்க்க, அவர் சரியென்று தலையாட்டினார். ஒரு பொய்யும் சொல்லவில்லை காக்கா. ஆனால் பள்ளி முழுக்க ஒரு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வெளியே வரும்போதே தொடங்கிவிட்டார்கள். “டாக்குத்தர்ட கடதாசியும் பொய்தான் போல.” “வாப்பாட மறதியே தெரியல்ல, ஊர் மறதியப் படிக்க வந்திட்டா.” அந்தக் கிழமை இரண்டு வீட்டில் சுல்பிகாவுக்குக் கதவு திறக்கவில்லை.

வீட்டில் அவள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் கேட்டாள். “ஏன் வாப்பா? உண்மை உங்கட பக்கம் இரிக்கக்குள்ள ஏன்?”

“ஹவுழடியில அவனக் கண்டன்.” காக்கா மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே சொன்னார். “எழுபத்தாறில பொம்புளப் புள்ளைக்கு டாக்குத்தர் படிப்பா எண்டு என்ட கூடப்பிறந்தவனே காசி தரல்ல. இவன் தந்தான். ஆறு வருசம், கேட்ட நேரம், கடதாசி கேக்காமத் தந்தான். நான் சத்தியம் பண்ணினா ஹாஜியார் பொய்யன், இல்லாட்டி தலை பழுதான ஆள். அவன்ட தலையப் பிளந்து ஊருக்குக் காட்டியா என்ட காணியக் காப்பாத்திற?”

சுல்பிகா அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்குத்தர் குரலில் பேசினாள்.

“எத்தின மூட குடுக்கப் போறீங்க?”

“இப்ப நெல்லு விலை ஏறியிரிக்கி. முப்பத்தஞ்சு போதும்.”

“வேணாம். நாப்பத்தி மூணு கட்டுங்க. அண்டைக்குப் போன மாதிரியே போகணும். செல்லத்தம்பி அண்ணன்ட மெசின், அதே பெட்டி, சீனி சாச்சாட தோள். காலம வேணாம், பின்னேரம் அசர் நேரம். ஆலை வாசல்ல மாமா இரிக்கிற நேரம்.”

காக்கா அவளைப் பார்த்தார். “இதென்ன சோதனை?”

“சரிவருமெண்டு செல்ல மாட்டன் வாப்பா. ஒரு கழி நூல்தான்.”

அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

பங்குனி வெட்டு நடந்தது. வெட்டிய கதிரை உப்பட்டி கட்டி, சூடு வைத்து, செல்லத்தம்பியின் மெசினால் அடித்து, தூற்றி, மூடை தைத்தோம். எட்டு மூடை அதிகமாகப் போகிறதே என்று ஒவ்வொரு தையலிலும் எனக்குக் குத்தியது. மாரி மழைக்குக் கூரை மேய வைத்திருந்த நெல் அது. செல்லத்தம்பி சொறிக்கல்முனைக்காரன், வாய் நிற்காதவன், அவன்கூட அன்று பாட்டுப் போடவில்லை.

கடன் தீர்வதைப் பார்க்க மரைக்காரும் ஆலைக்கு வந்திருந்தார். ஆலை வேலைக்காரர் ஆறு பேர் தராசடியில் நின்றார்கள். சுல்பிகா முக்காட்டை இழுத்துவிட்டு மெசின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ஹாஜியார் கதிரையில். எங்களை அவர் யாரென்று பார்க்கவில்லை.

முதல் மூடையைத் தோளில் எடுத்துத் தராசடியில் போட்டேன். தூசி எழும்பியது. ஹாஜியார் நிமிர்ந்தார்.

“பறக்கத்து,” என்றார். எங்கள் பக்கத்தில் நெல் எண்ணும்போது ஒன்று என்று தொடங்க மாட்டோம், அப்படித்தான் தொடங்குவோம். இரண்டாவதைப் போட்டேன். “ரெண்டு.” கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “மூணு.” சீலைக்குப் பின்னால் கால் விரல்கள் வந்து நின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று. பிறை தெரியாதவர், காலையில் தின்றது தெரியாதவர், ஒன்று பிசகாமல் எண்ணினார். என் தோள் எரிந்தது. சுல்பிகாவின் உதடும் அவரோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்றில் நிறுத்தினார். மூடை வாய்த் தையலுக்குள் விரலை விட்டு நாலு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். சத்தம் கேட்டது.

“இது காஞ்சிரிக்கி. மத்தத் தரம் ரெண்டு மூட ஈரம் கொண்டந்தாய், கச்சி.”

செல்லத்தம்பி மெசினை நிறுத்தினான். மரைக்கார் ஒரு அடி முன்னே வந்தார்.

“எந்தத் தரம் ஹாஜியார்?”

“இவன் மகள் படிச்ச காசிக்குத் தந்த தரம். நாப்பத்தி மூணு. ரெண்ட என்ட முத்தத்தில பாய் போட்டுக் காய வெச்சன். அசருக்குப் பிறகு மழ இருட்டி, சபியாவும் நானும் ஓடி ஓடி அள்ளினம்.” சீலைப் பக்கம் திரும்பினார். இந்த முறை கேட்பதற்காகத் திரும்பவில்லை. “என்ன சபியா? உன்ட கால்ல சுளகு வெட்டினதே.”

சீலைக்குப் பின்னாலிருந்து அழுகைதான் வந்தது. பிறகு, “ஓம். வெட்டினது. அது கச்சிக் காக்காட நெல்லெண்டு இப்பத்தான் விளங்குது,” என்றாள் சபியா உம்மா, எல்லாருக்கும் கேட்க.

ஹாஜியாருக்குக் கோபம் வந்துவிட்டது. “பிறகென்னத்துக்கு இன்னமும் கொண்டாறாய்? முத்தலிபு ரெண்டு தரம் வாங்கிற ஆளெண்டு ஊரில செல்ல வைக்கப் பாக்கிறியா? ஏத்துடா! எல்லாத்தையும் திருப்பி ஏத்து!”

காக்கா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். மரைக்கார் என்னைப் பார்த்து, “ஏத்து சீனித்தம்பி,” என்றார். வேலைக்காரர்களிடம் திரும்பி, “கேட்டீங்கதானே? கடன் தந்தவர்ட வாயாலேயே தீர்ந்து போச்சு. பள்ளிப் புத்தகத்தில நான் எழுதிறன்,” என்றார். ஹாஜியாரின் தலையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தலைக்கு என்ன நடந்தது என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். ஆனாலும் கேட்கவில்லை.

முப்பத்தொரு மூடையையும் மறுபடி ஏற்றி முடிக்க மஃரிபு நெருங்கிவிட்டது. ஹாஜியார் கதிரைக்குத் திரும்பியிருந்தார். கண்ணில் அந்த வெளிச்சம் இல்லை. சுல்பிகா போய் அவர் காலடியில் குந்தினாள்.

“போயிட்டு வாறம் மாமா.”

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். “நீ ஆர்ட மகள் புள்ள?”

“கச்சிமுகம்மதுட மகள்.”

“ஆ, கச்சிட மகளா?” அவர் முகம் மலர்ந்தது. அவள் தலையில் கை வைத்தார். “நல்ல மனிசன் உன்ட வாப்பா. எனக்கு ஒரு சதம் தரத் தேவல்ல அவன்.”